குளத்தைப் பார்த்த சிலை

"இழுடா, மூச்சைப் பிடிச்சு இழு."

கயிற்றின் ஒரு முனையில் ஓவர்சியர் ரெங்கசாமி, மறுமுனையில் கொத்தனார் சின்னராசா. நடுவே, முதுகில் கூடை சுமந்து தேயிலை பறிக்கும் கொழுந்துக்காரியின் சிமெந்துச் சிலை. நேற்று வீதியைப் பார்க்க நிறுத்திய சிலை இன்று குளத்தைப் பார்த்து நின்றது. நான்கு போல்ட்டும் ரெங்கசாமி முறுக்கியபடியே இறுகித்தான் இருந்தன; அவற்றைத் தளர்த்திவிட்டு இப்போது இழுக்கிறார்கள். அரைமணியில் அமைச்சரின் ஜீப் வந்துவிடும். திறப்பு விழாவில் சிலை முதுகைக் காட்டினால் ரெங்கசாமியின் கொழும்பு மாற்றம் அதோடு சரி.

ஒரு பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்கும் ஊர். இதற்குக் கொழும்புக் காலிமுகத்திடல் கடற்கரை மாதிரி ஒரு கரை வேண்டும் என்று நகர சபைக்கு ஞானோதயம். பள்ளத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தைக் காலி செய்து, ஓடையை மறித்து, தேங்கிய சேற்றுக்குக் குளம் என்று பெயர் வைத்தார்கள். மதகை அடைத்த அன்றிரவே அடைமழை. விடிவதற்குள் லயத்தின் கூரை மூழ்கியது. கரையில் உட்காரச் சிமெந்து வாங்குகள், புதுப் படிக்கட்டு, கடலே இல்லாத ஊருக்கு ஒரு நங்கூரம். எல்லாம் ரெங்கசாமிக்கு இளக்காரம். லயத்துச் சனம் அதைவிட இளக்காரம். அவரும் லயத்தில் பிறந்தவர்தான்; டவுனுக்கு வந்ததும் அந்த உறவைத் தலை முழுகிவிட்டார்.

சிலை ஒருவழியாகத் திரும்பியது. சின்னராசா அதன் முகத்தையே பார்த்தான்.

"லயத்து நல்லம்மா சாடையாவே இருக்குங்க ஐயா."

"லயத்துக்காரி எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சிதான்."

"அவளும் புருசனும் எங்க போனாங்கன்னு இன்னும் தெரியலைங்க. கடைசியா மேட்டுல நின்னு லயத்தைப் பாத்தது நீங்கதானே?"

"அடுப்புப் புகை இல்ல. ஆள் இல்ல. மதகை அடைச்சோம். போய் ஸ்பேனரை எடுத்துட்டு வா."

அவன் போனதும், பிற்பகல் மூடுபனி தேயிலைச் சரிவிலிருந்து மெல்ல இறங்கி, வாங்குகளை ஒவ்வொன்றாக விழுங்கி, புதுச் சுண்ணாம்பின் வாசனைக்குமேல் ஊறிய வைக்கோலும் பழைய சாம்பலும் கலந்த ஒரு நாற்றத்தைப் பரப்பிக்கொண்டு அவர் கால்வரை வந்து நின்றது. தூரத்தில் தெமோதரை ரயில் ஒருமுறை கூவி ஓய்ந்தது. அதற்குப் பிறகும் ஏதோ சத்தம் நிற்கவில்லை. கொசு ரீங்காரம் போல. இல்லை, யாரோ மூக்கால் இழுத்துப் பாடுவதுபோல.

திறக்கிற நாளில் எந்த மூதேவி பாடுகிறாள் என்று திட்டிக்கொண்டே திரும்பினார்.

குளத்தின் நடுவே புகை.

மெல்லிய நீலப் புகை. தண்ணீரைத் துளைத்துக்கொண்டு நேராக எழுந்தது. லயம் மூழ்கிய அதே இடம்.

சிலையில் கட்டிய கயிறு அவர் கையில் தொய்ந்தது.

சாவு வீட்டில் பிணம் வெளியேறும்வரை அடுப்பு மூட்டமாட்டார்கள். பிணத்தைத் தனியே விட்டுப் போகவும் மாட்டார்கள், வெள்ளமே வந்தாலும். லயத்தில் பிறந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது அடுப்பு மூட்டியாயிற்று.

அப்படியானால் பிணம் வெளியே...

புதுப் படிக்கட்டின் கீழ்ப்படியில் ஈரம். ஒரு பாதம் அளவு. அடுத்த படியிலும். அதற்கு அடுத்ததிலும்.

சிலையின் பீடத்தைப் பார்த்தார். நான்கு போல்ட். மேலே யாருமில்லை.

பாட்டு காதருகே வந்துவிட்டது. செத்த புருசனுக்கு வைக்கும் ஒப்பாரி. நல்லம்மாவின் குரல்; அவருக்குத் தெரியும். அன்று மேட்டில் நின்று "ஆள் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, புகையில்லாத அந்த லயத்திலிருந்து தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே குரல்.