‘நாட்’ போடாத கேள்வி

இந்தக் காலத்து மனிதர்களுக்குக் கேள்வி கேட்கத் தெரிகிறது, பதிலைக் காது கொடுத்துக் கேட்கத்தான் தெரியவில்லை. ஒன்றைக் கேட்கிறார்கள். வாயைத் திறப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பதில் வேண்டாம் என்றால் சும்மா போக வேண்டியதுதானே? எதற்காகக் கேட்க வேண்டும்?

வேம்புலித் தாத்தா இதைத்தான் நினைத்துக்கொண்டு, பட்டாளத்துக் கொட்டிலின் வாசலில் குந்தியிருந்தார். அவருடைய காக்கிச் சட்டையில் நெஞ்சுக்கு நேராகச் சின்ன ஓட்டை ஒன்று தெரிந்தது. நேற்று வரை அங்கே ஒரு பித்தளை வில்லை குத்தியிருந்தது. காவல்காரன் என்பதற்கு அதுதான் அடையாளம். இன்று காலையில் துரை அதைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொல்லிவிட்டார்.

அது வெள்ளைக்காரர்கள் நம்மை ஆண்ட காலம். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பட்டாபிராமில், பட்டாளத்துச் சாமான்கள் வந்து இறங்கும் ரயில் பாதையை ஒட்டி ஒரு பெரிய கொட்டில் போட்டிருந்தார்கள். அதில் கோவேறு கழுதைகள் நின்றன. கழுதையைவிட உயரம், குதிரையைவிடப் பிடிவாதம். மலைப்பாதையில் மூட்டை சுமப்பதற்காக அவற்றைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ராத்திரியில் அவற்றுக்குக் காவல் வேம்புலி.

அன்று விடியும் நேரத்தில் கோவேறு கழுதைகள் நெமிலிச்சேரிக்குப் போகும் தண்டவாளத்தில் நின்றன. ரயில் ஓட்டி வந்தவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். ஊதல் ஊதி, வண்டியை நிறுத்திவிட்டார். மிரண்டு ஓடியதில் ஒரு கழுதைக்குக் கால் உடைந்தது. மற்றவற்றை ஆட்கள் விரட்டிப் பிடித்து, கொட்டிலின் முன் கதவு வழியாக உள்ளே கொண்டுபோய்க் கட்டினார்கள். இத்தனை பேர் நுழைந்த பிறகு, கதவு ராத்திரி மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று யாரால் சொல்ல முடியும்?

துரை வந்தார். வேம்புலியை நிற்க வைத்து இரண்டு கேள்வி கேட்டார். வேம்புலி இரண்டு பதில் சொன்னார். உள்ளதை உள்ளபடி சொன்னார். உடனே துரையின் முகம் கல் மாதிரி ஆகிவிட்டது. வில்லை போனது. வேலையும் போனது. மத்தியானம் ஆவடியிலிருந்து போலீஸ் வரும், அதுவரை வாசலை விட்டு அசையக் கூடாது என்று உத்தரவு.

"இங்கிலீசுக்காரனை நம்பக் கூடாது. அவன் பேச்சை அதைவிட நம்பக் கூடாது" என்று தரையைப் பார்த்துச் சொன்னார் வேம்புலி.

"யார்கிட்ட பேசிக்கினு கீற தாத்தா?"

பேத்தி ராஜம்மா எதிரே நின்றாள். கையில் கஞ்சித் தூக்கு. பள்ளிக்கூடம் போகும் வழியில் தாத்தாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போவாள். அவளுடைய கண் நேராகத் தாத்தாவின் சட்டை ஓட்டைக்குப் போனது.

"வில்லை எங்க?"

வேம்புலி ஓட்டையைக் கையால் மறைத்துக்கொண்டார். பக்கத்தில் புல்லுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த நாகப்பன்தான் சொன்னான். கழுதைகளுக்குத் தீனி போடுவது அவன் வேலை.

"ஒங்க தாத்தா துரைகிட்ட ஒத்துக்கினாரு பாப்பா."

"இன்னாத்த ஒத்துக்கினாரு?"

"கதவை மூடலன்னு. தூங்கிட்டேன்னு. துரைகூட நின்ன ஹவில்தார் அப்டித்தான் சொல்றாரு."

"நான் எங்கடா ஒத்துக்கினேன்? கேட்டதுக்கு நேராப் பதில் சொன்னேன்" என்றார் வேம்புலி.

"நேராச் சொன்னதுக்கா பெருசு, மத்தியானம் போலீசு வருது?"

வேம்புலி ஆவடியிலிருந்து வரும் பாதையைப் பார்த்தார். போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் ஊரே பார்க்கும். கழுதையைக் கூடக் காக்கத் தெரியாதவன் என்று பேசும். ராஜம்மாவின் அப்பா பட்டாளத்தோடு எங்கோ தூர தேசத்தில் இருந்தார். அவர் திரும்பி வந்து, இந்தப் பேச்சையா கேட்க வேண்டும்?

ராஜம்மா தூக்கைக் கீழே வைத்தாள்.

"துரை கேட்டத அப்டியே சொல்லு தாத்தா."

"சொன்னா இன்னா ஆவப் போவுது?"

"சொல்லேன்."

வேம்புலிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் கொட்டிலில் தினமும் காதில் விழும் சில சொற்கள் தெரியும். கேட் என்றால் கதவு. ஷட் என்றால் மூடு. ஸ்லீப் என்றால் தூக்கம். நாட் என்றால் இல்லை. தினமும் சாயங்காலம் துரை அந்த வழியே போகும்போது கேட், ஸ்லீப் என்று ஏதாவது சொல்வார். இவர் விறைப்பாக நின்று "எஸ் சார்" என்பார். இந்த ஆளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று துரை நினைத்துவிட்டார். வழக்கமாகத் தமிழில் எடுத்துச் சொல்லும் ஸ்டோர் குமாஸ்தா எத்திராஜும் அன்று மதராசுக்குப் போயிருந்தார்.

"மொதல்ல, ‘நாட் ஷட் கேட்?’ன்னு கேட்டான். நான் நோன்னேன்."

"ஏன் நோன்னே?"

"பின்ன? கதவை மூடலியான்னு கேக்கறான். இல்லப்பா, மூடினேன்னு சொல்றேன். சங்கிலி போட்டு, கொக்கி மாட்டி, இழுத்தும் பாத்தேன். அதான் நோ."

"அப்பறம்?"

"நாட் ஸ்லீப்பான்னான். எஸ்ன்னேன். தூங்கலியான்னு கேட்டா, ஆமா, தூங்கலன்னுதான சொல்லணும்? இதுல இன்னா தப்பு?"

நாகப்பன் புல்லைப் பிரிப்பதை நிறுத்தினான். "சரியாத்தான சொல்லிக்கீறாரு" என்றான்.

ராஜம்மா இரண்டு பதிலையும் விரல் விட்டு எண்ணினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"தாத்தா, எனக்கும் இஸ்கூல்ல இப்டி ஆச்சு. சிலேட்டு கொண்டாரலியான்னு டீச்சர் இங்கிலீசுல கேட்டாங்க. நான் எஸ்ன்னேன். அப்டின்னா எடுன்னாங்க. இல்ல டீச்சர்ன்னேன். பொய் சொல்றேன்னு வெளிய நிக்க வெச்சாங்க."

"கொண்டாரலன்னுதான நீ சொன்னே?"

"நான் அப்டித்தான் சொன்னேன். அவங்களுக்குக் கொண்டாந்தேன்னு கேட்டுது. அப்பறம்தான் டீச்சருக்கே வெளங்கிச்சு. ஒன்னோட ரெண்டு பதிலும் துரைகிட்டத் தலைகீழாப் போய்ச் சேந்துகீது தாத்தா."

வேம்புலி அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"எஸ்ன்னா ஆமா. நோன்னா இல்ல. இது எங்கியாவது தலைகீழா நிக்குமா?"

"வா, துரைகிட்டப் போலாம்."

"வேணாம். எத்திராஜ் மதராசுலேர்ந்து வரட்டும்."

"அவரு பொழுது சாஞ்சிதான வருவாரு? போலீசு மத்தியானமே வருது."

அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். வேம்புலிக்குப் பின்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை. சின்னப் பெண்ணைத் தனியாகத் துரையின் கூடாரத்துக்கு அனுப்ப முடியுமா?

கூடாரத்து வாசலில் ஹவில்தார் கையை நீட்டி மறித்தார். அவர் வடக்கத்திக்காரர். ராஜம்மா அவர் கைக்குக் கீழே முகத்தை நீட்டி, வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பாடுகிற மாதிரி நீட்டி முழக்கினாள்.

"குட் மார்னிங் சார்."

துரை எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவருக்கு எதிரே மேசைமேல் அந்தப் பித்தளை வில்லை கிடந்தது. அவர் ஏதோ கேட்டார். வேம்புலிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ராஜம்மாவுக்கும் பிடிபடவில்லை என்பது அவள் விழித்ததிலேயே தெரிந்தது. ஆனால் ஹவில்தார் கையை எடுத்துவிட்டார்.

ராஜம்மா பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். துரையைப் பார்க்காமல் தாத்தாவைப் பார்த்தாள்.

"தாத்தா, நான் கேக்கறதுக்கு எஸ், நோ மட்டும் சொல்லு. கோவப்படாத."

"இன்னா கேக்கப் போற?"

"கேளேன்." அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "யூ நாட் மேன்?"

நீ ஆம்பளை இல்லையா? இத்தனை பேருக்கு எதிரே பெற்ற மகனுடைய பெண் இப்படிக் கேட்கிறாள். வேம்புலியின் மீசை துடித்தது.

"நோ" என்றார், கூடாரமே கேட்கும்படி.

ராஜம்மா வெளியே கட்டியிருந்த கோவேறு கழுதையைக் காட்டினாள்.

"யூ நாட் மியூல்?"

அந்தச் சொல் வேம்புலிக்கு நன்றாகத் தெரியும். ராத்திரியெல்லாம் காவல் காக்கிற பிராணி ஆயிற்றே. நீ கழுதை இல்லையா என்று கேட்டால் ஒரு மனிதன் என்ன சொல்வான்?

"எஸ்."

துரையின் கையிலிருந்த பேனா நின்றது. ஹவில்தார் தலையைக் குனிந்து பூட்ஸைப் பார்த்தார்.

துரை எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். வேம்புலியின் முகத்துக்கு நேராக நின்று, அதே கேள்வியைத் தாமே மெதுவாகக் கேட்டார். வேம்புலி ‘நாட்’, ‘மியூல்’ என்ற இரண்டு சொல்லையும் பிடித்துக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தி, கையை நெற்றிக்கு உயர்த்திப் பதில் சொன்னார்.

"எஸ் சார்."

துரை சிரிக்கவில்லை. அவருடைய காது இரண்டும் சிவந்தன. இந்தக் கிழவர் தன்னைக் கழுதை என்று சொல்லிக்கொள்ளவில்லை, கழுதை இல்லை என்றுதான் சொல்கிறார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் காலையில் சொன்ன எஸ்ஸுக்கும் நோவுக்கும் என்ன அர்த்தம்?

"சார்" என்றாள் ராஜம்மா. அடுத்து என்ன சொல்வது என்று அவளுக்கு இங்கிலீஷில் தெரியவில்லை. "நாட்... நோ நாட்" என்று சொல்லி, சிலேட்டை அழிப்பதுபோல் உள்ளங்கையால் காற்றைத் துடைத்தாள். ‘நாட்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கேளுங்கள் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்.

துரை தலையசைத்தார். இந்த முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"டிட் யூ ஷட் தி கேட்?"

"எஸ் சார்."

"டிட் யூ ஸ்லீப்?"

"நோ சார்."

பிறகு துரை தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். காலையிலிருந்து அவர் செய்யாத ஒரு காரியத்தை இப்போது செய்தார். கொட்டிலைச் சுற்றி நடந்தார். குற்றவாளி ஒப்புக்கொண்டான் என்று நினைத்துவிட்டால், அப்புறம் யார் போய் எதைத் தேடப் போகிறார்கள்?

கொட்டிலுக்குப் பின்னால் மூங்கில் தட்டி ஒன்று சாய்ந்து கிடந்தது. அதைக் கட்டியிருந்த தேங்காய்நார்க் கயிறு நார் நாராகப் பிரிந்து தொங்கியது. அரிவாள் பட்ட கயிறு அல்ல; பல் பட்ட கயிறு. அதற்கு அப்பால் ஈர மண்ணில் குளம்புத் தடங்கள் தண்டவாளத்தை நோக்கிப் போயின. முன் கதவில் உட்கார்ந்திருக்கும் காவல்காரனுக்கு, கொட்டிலைத் தாண்டி அந்த இடம் தெரியவே தெரியாது.

"கயித்தத் தின்னுப்புட்டுப் போயிக்கீதுங்க" என்றான் நாகப்பன். "நான் போட்ட புல்லு பத்தல போலக்கீது." சொன்ன பிறகுதான் ஹவில்தார் தன்னைப் பார்ப்பதைக் கவனித்தான். சட்டென்று புல்லுக்கட்டுப் பக்கம் போய்விட்டான்.

துரை கூடாரத்துக்குத் திரும்பி வந்தார். மேசைமேல் கிடந்த வில்லையை எடுத்து வேம்புலியின் கையில் வைத்தார். ஏதோ ஒரு சொல் சொன்னார். ஹவில்தாரிடமும் ஏதோ சொன்னார். ஹவில்தார் உடனே ஓர் ஆளைக் கூப்பிட்டு, போலீஸ் வர வேண்டாம் என்று சொல்லச் சைக்கிளில் அனுப்பினார்.

வெளியே வந்ததும் வேம்புலி கேட்டார்.

"எங்கிட்ட இன்னா சொன்னான்?"

"சாரின்னாரு. மன்னிச்சிக்கோன்னு அர்த்தம்."

"அத்த எதுக்கு அவ்ளோ சின்னதாச் சொல்றான்?"

ராஜம்மா தாத்தாவின் சட்டையில் வில்லையைக் குத்திவிட்டாள். பழைய ஓட்டையிலேயே சரியாக உட்கார்ந்தது. பிறகு கஞ்சித் தூக்கைத் திறந்து கொடுத்தாள். கஞ்சி ஆறிப்போயிருந்தது. வேம்புலி அதை ஒரே மூச்சில் குடித்தார்.

"இனிமே பாத்துச் சொல்லு தாத்தா" என்றாள் ராஜம்மா. "இங்கிலீசுல, கேக்கறவரு எப்டிக் கேட்டாரோ அதப் பாக்காத. நடந்தத மட்டும் பாரு. கதவை மூடிகீறியா? அப்டின்னா எஸ். மூடினியான்னாலும் எஸ். மூடலியான்னாலும் எஸ்."

"மூடலியான்னு கேட்டா எஸ்ஸா?"

"ஆமா. மூடாம இருந்தா நோ. எப்டிக் கேட்டாலும் நோ."

வேம்புலி யோசித்தார். தூக்கின் அடியில் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் வழித்துக்கொண்டே யோசித்தார்.

"அப்போ அவன் மூடினியான்னு கேட்டாலும் ஒண்ணுதான், மூடலியான்னு கேட்டாலும் ஒண்ணுதான்."

"ஆமா தாத்தா."

"அப்டின்னா எதுக்கு ரெண்டு விதமாக் கேக்கறான்?"

ராஜம்மா வாயைத் திறந்தாள். அதை டீச்சர் சொல்லிக் கொடுக்கவில்லை.

"எதிர்ல நின்னு ஒருத்தன் பேசறான். அவன் சொல்றது சரின்னா ஆமான்னு சொல்லணும். தப்புன்னா இல்லன்னு சொல்லணும். அதான் மரியாத. நீ சொல்றதப் பாத்தா, கேட்டவனை வுட்டுட்டுக் கதவுக்கு இல்ல பதில் சொல்லணும்? கதவா கேட்டுது?"

"இஸ்கூலுக்கு நேரமாச்சு தாத்தா" என்றாள் ராஜம்மா. அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது.

"போ, போ. டீச்சரையும் கேளு. அவங்களுக்காவது தெரியுதா பாப்போம்."

வேம்புலி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர். தூக்கம் கண்ணைக் கட்டியது. வெயிலில் வில்லை பளபளக்க, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். "மூடலியான்னா எஸ்ஸாம்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது, தண்டவாளம் தாண்டிப் போகிற வரைக்கும் ராஜம்மாவுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.