ரஃபீக் எழுதிய பூட்டு

ரஃபீக் பணிவாகப் பதில் எழுதியிருந்தான். உமாமகேஸ்வரிக்கு அதுதான் உறுத்தியது.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் நகைக்கடை ஒன்றின் மாடியிலிருந்த அவள் நிறுவனம், தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு மின்பூட்டு செய்து தந்தது. பூட்டுக்குள் ஓடும் நிரல்களில் பாதி, யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக விட்டவை. அவற்றை நம்பலாமா என்று சோதிப்பது அவள் வேலை. கதவைத் திறந்து மூடும் நிரலை எழுதியவன் மார்சிலிங் வட்டார அடுக்குமாடி வீடொன்றில் இருந்த ரஃபீக். எதைக் கேட்டாலும் எரிந்து விழுவான். இந்த வாரமோ கேட்ட மறுநொடியே குழைவான பதில்கள். புதிய பதிப்பில் என்ன செய்கிறதென்றே புரியாத ஒரு பகுதி வேறு.

"அப்ரூவ் பண்ணிடுங்க உமாக்கா, கஸ்டமர் வெயிட்டிங் லா," என்றான் உடன் வேலை செய்யும் வெங்கட்.

"ஆள நேர்ல பாத்துட்டு வந்துடறேன்."

மார்சிலிங்கில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. ஈரத் தாழ்வாரத்தில் யாரோ நெத்திலி வறுக்கும் வாசத்துக்கு அடியில், ரஃபீக்கின் வீட்டை நெருங்க நெருங்க, அழுகிய பழம்போல இன்னொரு வாடை தித்திப்பாக எழுந்து தொண்டையில் ஒட்டியது. முதியவர்கள் நிறைந்த அந்தக் கட்டடத்தின் மற்றக் கதவுகளைப் போலவே அவன் கதவிலும் அவர்கள் பூட்டுதான். அவள் மணியை அழுத்துமுன் அது திறந்தது.

"ரஃபீக்?"

கணினி வெளிச்சத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். ஈக்கள். முகம் மேசையில் கவிழ்ந்து, கன்னம் விசைப்பலகையோடு ஊறி ஒட்டியிருந்தது. செத்துப் பல நாளாகியிருக்கும்.

திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

அவள் கைபேசி அதிர்ந்தது. வெங்கட்டின் செய்தி. "அப்ரூவ் பண்ணதுக்குத் தேங்க்ஸ்க்கா. எல்லா வீட்டுக்கும் அப்டேட் போயிடுச்சு."

அவள் எதையும் அப்ரூவ் செய்திருக்கவில்லை. திரையைப் பார்த்தாள். சோதித்து ஒப்புதல் தந்தவர்: உமாமகேஸ்வரி.

வாசலுக்கு ஓடினாள். கதவு மூடிக்கொண்டது. இழுத்தாள். அசையவில்லை. வெங்கட்டை அழைத்தாள். இணைப்பு இல்லை.

டக்.

பக்கத்து வீடு.

டக். மேலே. டக். டக். கீழே.

பிறகு உள்ளிருந்து தட்டும் ஓசைகள். "யாராச்சும் கதவத் தொறங்களேன்!" ஒரு கிழவியின் குரல்.

உமா ஜன்னலுக்கு ஓடினாள். எதிர் புளோக் கட்டடத்தில் ஒரு சமையலறை எரிந்துகொண்டிருந்தது. கரும்புகை மாடி மாடியாக ஏறியது. கம்பிகளுக்கு வெளியே சுருங்கிய கைகள் வரிசையாக நீண்டு காற்றைப் பிசைந்தன.

புகை முதல் வரிசையை மூடியது. அந்தக் கைகள் தொங்கின.

மேல் வரிசை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.