இருமல் நாட்டுக்கு ஒரு வழி

சாம்பல் நிறப் படை நகரக் கூடாது. அது ஆட்டத்தின் விதி. யாருக்கும் சொந்தமில்லாத படை அது. வைத்த இடத்தில் நிற்கும், எவனாவது வந்து அடித்தால் சாகும், அவ்வளவுதான். ஆனால் மதியம் மூன்று மணிக்கு அவன் சோதனை ஆட்டத்தைத் திறந்தபோது, காலையில் வெள்ளைக் கட்டத்தில் வைத்த ஏழு வீரர்களில் ஒருவன்தான் அங்கே இருந்தான். மீதி ஆறு பேர் பக்கத்து நாட்டுக்குள் நின்றார்கள்.

பூதக்கண்ணாடியின் வேலையாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்தான்.

பூதக்கண்ணாடி என்பது ஓர் ஆட்டக்காரருக்கு அவன் வைத்த பட்டப்பெயர். இணையத்தில் பகடை உருட்டிப் படை நகர்த்தும் ஆட்டத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். போட்ட படத்தை முன்கூட்டியே ஆடிப் பார்த்துக் குறை சொல்வது அந்த ஆளின் பொழுதுபோக்கு; படத்தில் கை வைத்துத் திருத்தும் அனுமதியும் அந்த ஆளுக்கு உண்டு. ஆடுகிற எவரையுமே அவன் மதித்ததில்லை. வீட்டில் குழாய் ஒழுகினால் வாளி வைக்கத் தெரியாதவனெல்லாம் இங்கே வந்து கண்டம் பிடிக்கிறான். இந்தக் கூட்டத்துக்கு நல்ல படம் போடுவது குரங்கு கையில் பூமாலை கொடுப்பதுதான். அதனால் இந்த முறை அவன் மெனக்கெடவே இல்லை. குடிவந்தபோது வீட்டுக்காரர் கொடுத்த வீட்டுப் பிளானை அப்படியே ஸ்கேன் செய்து, அறைக்கு ஒரு நாடு, கதவுக்கு ஒரு வழி என்று கணக்கை முடித்தான். சமையலறை புகைக் கோட்டை. அறைகளுக்கு நடுவே ஓடும் நடை குறுக்குக் கணவாய். அவனுடைய வேலை அறை தலைமை முகாம். இடுப்பெலும்பு உடைந்து நான்கு மாதமாக மாமனார் படுத்துக் கிடக்கும் அறைக்கு இருமல் நாடு என்று பெயர் வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டான்.

இருமல் நாட்டுக்கும் தலைமை முகாமுக்கும் நடுவில் பிளானில் ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. கதவு இல்லை, ஜன்னல் இல்லை. சுவர் இவ்வளவு தடிமன் என்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

"சார், அந்த வெள்ளைக் கட்டத்துக்கு வழியே இல்ல. கறுப்பு அடிச்சு மூடிடுங்க, அதுதான் நல்லது" என்று காலையில் பூதக்கண்ணாடி எழுதியிருந்தார். ஒரு க்ளிக் போதும். ஆனால் அந்த ஆள் சொல்லி இவன் கேட்பதா? பிடித்த முயலுக்கு மூன்றே கால். கட்டத்தையும் ஒரு நாடாக்கி, ஏழு சாம்பல் வீரர்களை நிறுத்தி, அங்கிருந்து இருமல் நாட்டுக்கு ஒரு கோடு இழுத்தான். போகட்டும், கிழவருக்குத் துணை.

இப்போது எழுதிக் கேட்டான்: "சாம்பல எதுக்கு நகத்துனீங்க?"

பதில் உடனே வந்தது. "நான் இன்னைக்கு ஆட்டத்துல கையே வைக்கல சார். சாம்பல நகத்த யாராலயும் முடியாதே."

பொய் சொல்லக்கூடத் தெரியாத ஜென்மம் என்று நினைத்தான்.

"மாப்பிள்ளை..." என்று அந்த அறையிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் வாங்களேன். சுவத்துக்குள்ள யாரோ நடக்கிறாங்க."

நான்கு மாதமாக இதே பாட்டுத்தான்.

"எலி, மாமா. தூங்குங்க."

"இத்தன நாளா நடந்துச்சு. இப்ப நடக்கல மாப்பிள்ளை. வந்து நிக்குது."

"எலிதான். கண்ண மூடுங்க."

மூன்று மணி மாத்திரை கொடுக்க வேண்டும். மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது மனைவி இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் எழுந்திருக்கவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிய வழிய அறை மங்கிக்கொண்டே வந்தது. மழைச் சத்தத்துக்கு அடியில் கிழவரின் இருமல் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பின் வாடை, பல வருடம் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே அந்த வாடை, கதவிடுக்கு வழியாக வந்து அவன் மேசையைச் சுற்றி நின்றது. நாலரை மணி வாக்கில் ஏதோ குறைவதாகப் பட்டது. இருமல் நின்றிருந்தது. அப்பாடா என்றுதான் முதலில் நினைத்தான்.

திரையைப் பார்த்தான். இருமல் நாட்டில் ஒன்று. குறுக்குக் கணவாயில் ஐந்து. பிடித்த இடத்தில் ஒன்றை நிறுத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பதும் விதி.

அவன் எழுந்து நடையைக் கடந்தான். நடை காலியாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்கள் நிறைந்த இடத்தில் ஒதுங்கிப் போவது போலத் தன் தோள்கள் குறுகுவதை அவன் கவனித்தான்.

மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

பிடித்துக்கொண்டு நடக்கும் வாக்கர் கட்டிலின் மேல் மடக்கிக் கிடந்தது. கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்க, முதுகைக் காட்டிக்கொண்டு, நேராக, காவல்காரனைப் போல நின்றார். அவருக்கு முன்னால் அலமாரிக்குப் பக்கத்தில், நேற்றுவரை சுவராக இருந்த இடத்தில், நிலைச்சட்டம் இல்லாத ஒரு வாசல். உள்ளே இருட்டு. காலையில் படத்தில் அந்த வழிக்குக் கோடு போட்டபோது அவன் அலட்சியமாகச் சாய்த்து இழுத்திருந்தான். வாசலும் அதே சாய்வில் இருந்தது.

"மாமா?"

தலை திரும்பத் தொடங்கியது. அவன் ஓடினான். தன் அறைக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டான்.

காலையில் இழுத்த கோட்டை அழிக்கப் பார்த்தான். முடியவில்லை. இரண்டு முனையிலும் எதிரி நிற்கும் வழியை நீக்க முடியாது என்றது திரை. அந்தக் கட்டுப்பாட்டை வைக்கச் சொன்னவனே அவன்தான். இப்போது அவன் கைவசம் இருந்தது ஒரே நாடு. தலைமை முகாம், அவன் நிறமான நீலத்தில் ஒரே வீரன். அதற்கு ஒரே வழி, நடைக்கு.

மனைவிக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.

ஆறு மணி. படிக்கட்டில் குடையை உதறும் சத்தம். அவள்தான். ஒரு கத்து கத்தினால் போதும், உள்ளே வராதே என்று. கதவைத் திறந்து ஓடினால் வாசலுக்குப் பத்தடி.

அவன் அறைக் கதவின் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது.

அவள் கெட்டிக்காரி, சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தான். அப்படி நினைக்க அவனுக்கு அரை நொடிகூட ஆகவில்லை. நடைக்கும் தன் அறைக்கும் நடுவில் இருந்த கோட்டைத் தொட்டான். அழித்தான்.

கைப்பிடிச் சத்தம் நின்றது.

மழைச் சத்தமும் நின்றது.

திரும்பினான். கதவு இல்லை. ஜன்னல் இல்லை. நான்கு பக்கமும் ஈரச் சுண்ணாம்பு. திரை வெளிச்சம் மட்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் சாவி திரும்பியது.

"அப்பா! என்னப்பா இது, வாக்கர் இல்லாம நடக்கிறீங்க!" அவள் குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன. "அவரு எங்க?"

"வெளிய போயிட்டாரும்மா." குரல் தெளிவாக இருந்தது. நான்கு மாதச் சளி ஒரு துளி இல்லை.

அவன் சுவரில் முட்டியால் அடித்தான். கையால், காலால். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான்.

திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. பூதக்கண்ணாடி. "சார், இப்ப உங்க தலைமை முகாமுக்கு வழியே இல்ல. நானே கறுப்பு அடிச்சு மூடிடறேன்."

வேண்டாம் என்று தட்டினான். போகவில்லை. மறுபடி தட்டினான்.

"அப்பா, சுவத்துக்குள்ள ஏதோ சத்தம் கேக்கல?"

"எலிம்மா."

மறுபக்கத்தில் யாரோ சுவரை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிக் கொடுத்தார்கள், குழந்தையைத் தூங்க வைப்பது போல. திரையில் நீல அறை ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கியது.