நான்காவது குஞ்சு

முடிச்சூரில் ஹெப்சியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை இருந்தது. மழை பெய்தால் அது குட்டிக் குளம். அங்கே குடியிருந்த கானாங்கோழி, வெள்ளை மார்பும் நீளக் காலுமாய், தினமும் காலையில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஹெப்சி வீட்டுத் தோட்டத்துக்கு மேய வரும். குஞ்சுகளோ கரித்துண்டுக்குக் கால் முளைத்ததைப் போல இருக்கும். ஹெப்சி சமையலறை ஜன்னலில் நின்று எண்ணுவாள்.

முதலில் ஐந்து குஞ்சுகள். போன வாரம் ஒன்றைப் பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்று ஹெப்சி சோற்றைத் தொடவில்லை.

இன்று மூன்றுதான் வந்தன.

"அப்பா, ஒண்ணு கொறையுது."

"புல்லுக்குள்ள இருக்கும்மா," என்றார் அப்பா ஏசுபாதம். "உனக்கு அட்டெண்டன்ஸ் குடுக்கணும்னு அதுங்களுக்கு இன்னா தலையெழுத்தா?"

ஆனால் தாய்க்கோழி மேயவில்லை. தோட்டத்து மூலையில் இருந்த மழைநீர் சேகரிப்புக் குழியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. குழியின் மூடி ஒரு மூலையில் உடைந்திருந்தது. உள்ளேயிருந்து மெல்லியதாக ஒரு 'கீச்' கேட்டது.

அப்பா ஓடிப் போய் மூடியை நகர்த்தினார். கீழே கறுப்புத் தண்ணீர். அதில் குஞ்சு வட்டமடித்து நீந்திக்கொண்டிருந்தது. வழுவழுப்பான சிமெண்டு உறையில் ஏறி வரப் பிடிமானமே இல்லை.

அப்பா கயிறு கட்டி வாளியை இறக்கினார். குஞ்சு பயந்து தண்ணீருக்குள் முங்கியது. வேறு ஓரத்தில் போய்த் தலை காட்டியது. மறுபடியும் வாளி. மறுபடியும் முங்கல். ஒவ்வொரு தடவையும் அது மேலே வர இன்னும் நேரமானது. தாயும் மற்ற குஞ்சுகளும் ஆள் நடமாட்டத்துக்குப் பயந்து மனைப் பக்கம் ஓடிவிட்டன.

"உட்டுடும்மா," என்றார் அப்பா. "நாம காப்பாத்த காப்பாத்த அது சாவுது."

ஹெப்சி குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்பா சொன்னது உண்மைதான். அந்தக் குஞ்சுக்குப் பூனையும் வாளியும் ஒன்றுதான். நாமும்தான்.

மதிலோரம் ஒரு காய்ந்த தென்னை மட்டை ஓலையோடு விழுந்து கிடந்தது.

"அப்பா, அந்த மட்டைய உள்ள எறக்குப்பா. அதுவே ஏறட்டும்."

மட்டை ஏணி போலச் சாய்ந்து நின்றது.

"இப்ப?" என்றார் அப்பா.

"உள்ள போயிடலாம்."

"போயிட்டா, ஏறிச்சா இல்லியான்னு எப்டித் தெரியும்?"

"தெரியாதுப்பா."

கதவைச் சாத்தினார்கள். ஜன்னலையும் சாத்தினார்கள். கொஞ்ச நேரம் 'கீச்' கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

அவ்வளவுதான், முங்கிவிட்டது என்று நினைத்தாள் ஹெப்சி. அப்பா தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"வேணாம்பா. நம்மளப் பாத்தா அதோட அம்மா திரும்பி வராது."

மழை பிடித்துக்கொண்டது. ஹெப்சி கதவில் சாய்ந்து உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து மிக அருகில் 'க்வாக்' என்றது ஒரு குரல்.

ஹெப்சி ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தாள். மழையில் தாய்க்கோழி புல்லை விலக்கி நடந்தது. பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தபோது, ரொம்பப் பின்னால், தடுக்கித் தடுக்கி, சேறு பூசிய ஒரு கரித்துண்டு ஓடிவந்தது.

"எத்தினிம்மா?" என்றார் அப்பா.

ஹெப்சி நான்கு விரலைக் காட்டினாள்.

"தள்ளு," என்று அப்பா எழுந்து வந்தார். "நானும் ஒருவாட்டி எண்ணிக்கிறேன்."