வெட்டிய இரண்டு நிமிடம்

படம் தொடங்க இன்னும் பதினைந்து நிமிடம்தான் இருந்தது. பள்ளி அரங்கில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேர் நாற்காலி மேல் நின்றார்கள்.

இருக்காதா? அவர்களே எடுத்த குறும்படம்! ஒரு சிறுமி பொறாமையில் தோழியின் ஓவியத்தைக் கிழித்துவிட்டு, பிறகு தேம்பித் தேம்பி அழுகிற கதை. கதாநாயகி, வாயாடி. கேமராவும் வெட்டி ஒட்டும் வேலையும் அவளுடைய உயிர்த்தோழி சுருட்டைக்கு. இருவரின் நிஜப் பெயர்களும் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தன.

சுருட்டை மட்டும் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றாள்.

கதாநாயகி வேடத்தை அவள்தான் முதலில் கேட்டாள். "உனக்குக் கை நடுங்காது, நீ கேமரா பிடி" என்று மிஸ் சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு, வாயாடி அழுத அழுகைக்கு வகுப்பே கைதட்டியது. சுருட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று கணினி அறையில் தனியாக உட்கார்ந்து, அந்த இரண்டு நிமிட அழுகையை அப்படியே தூக்கிவிட்டாள்.

அந்த நேரத்தை நிரப்ப ஆள் தயாராக இருந்தார். படத்தின் முடிவில் தலைமையாசிரியர் ஒரு 'சிற்றுரை' ஆற்றியிருந்தார். உலகம் தோன்றிய நாளில் தொடங்கும் சிற்றுரை. "தேவையானதை மட்டும் வெச்சுக்கோம்மா" என்று மிஸ் சொல்லியிருந்தார். சுருட்டை முழுவதையும் வைத்தாள்.

அப்போது வாயாடி தன் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் பேருந்து ஓட்டுநர். சீருடையைக்கூட மாற்றவில்லை.

"மக அழறதைப் பார்க்க அரைநாள் லீவு போட்டேன்மா" என்றார் சுருட்டையிடம். "வீட்டுல தினமும்தான் அழறா. பெரிய திரையில பார்த்ததில்லையே!"

"என்னை விடுங்கப்பா, கேமராவைப் பாருங்க! கொஞ்சம்கூட ஆடாது. சுருட்டை இல்லாட்டி படமே இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்!" என்றாள் வாயாடி.

சுருட்டைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மிஸ்ஸிடம் ஓடினாள்.

"மிஸ், படத்துல ஒரு சின்னத் திருத்தம்! கணினி அறைச் சாவி வேணும்!"

"இப்பவா?"

"இப்பவே மிஸ்!"

"படம் பத்து நிமிஷத்துக்கு மேல ஒரு நொடிகூட ஓடக்கூடாது. படம் முடிஞ்சதும் எல்லாரும் அதைப் பத்திப் பேசணும். ஞாபகம் இருக்கட்டும்!"

ஓடினாள். கணினி சாவகாசமாகக் கண் விழித்தது. அழுகைக் காட்சியைத் தேடிப் பிடித்து அதன் இடத்தில் வைத்தாள். மொத்தம் பன்னிரண்டு நிமிடம்! இரண்டு நிமிடம் போயாக வேண்டும்.

'உலகம் தோன்றிய நாள் முதலாக' போனது. 'நான் சிறுவனாக இருந்தபோது' போனது. 'இறுதியாக ஒன்று' மூன்று முறை வந்தது. மூன்றும் போயின.

"படம் ஆரம்பிக்கப் போறாங்கடி!" என்று யாரோ கத்தினார்கள். திருத்திய படத்தோடு சுருட்டை பறந்தாள்.

அரங்கு இருண்டது. திரையில் வாயாடி அழுதாள். அவள் அப்பா தொப்பியால் கண்ணைத் துடைத்தார். கடைசியில் தலைமையாசிரியர் தோன்றி, விரலை உயர்த்தி முழங்கினார்: "பிள்ளைகளே, வணக்கம்! நன்றி!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

விளக்கு வந்ததும் மிஸ் கேட்டார்: "அவ ஏன் ஓவியத்தைக் கிழிச்சா? யாராவது சொல்லுங்க."

சுருட்டை மெல்ல எழுந்தாள்.

"அவளைப் பத்தித் தெரியல மிஸ். என்னைப் பத்திச் சொல்றேன். நேத்து இவ அழுத காட்சியை நான் வெட்டிட்டேன். எல்லாரும் இவளுக்கே கைதட்டினீங்கன்னு. இப்பத்தான் திரும்ப வெச்சேன்."

"அடிப்பாவி!" வாயாடி இடுப்பில் கைவைத்து நின்றாள். சுருட்டை தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, நானும் சொல்லிடறேன்" என்றாள் வாயாடி. "அன்னிக்கு எனக்கு அழுகையே வரலடி. உன் கையில கேமராவைப் பார்த்தேன். எனக்குத் தரலையேன்னு நினைச்சேன். பொலபொலன்னு கொட்டிடுச்சு!"

அரங்கே சிரித்தது. அவ்வளவுதான், "மிஸ், நானும்!" "மிஸ், நான் ஒண்ணு சொல்லவா?" என்று நாலாபக்கமும் கைகள் எழுந்தன. வாயாடியின் அப்பாகூடக் கை தூக்கினார்.

"பக்கத்து ரூட்டுக்காரருக்குப் புது பஸ் குடுத்தாங்க. ரெண்டு நாள் நான் அவர்கூடப் பேசவே இல்லம்மா!"

"அடுத்த படத்துல நீ அழு, நான் கேமரா" என்று கிசுகிசுத்தாள் வாயாடி.

"உனக்குக் கை நடுங்குமே?"

"நீ சொல்லிக் குடு."

இருவரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

உள்ளே தலைமையாசிரியர் மேடையேறினார். "சுருக்கமாகப் பேசினால் எவ்வளவு கைதட்டல், பார்த்தீர்களா?" என்று தொடங்கி, அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.