ஹாதர்லி வம்சத்து வாரிசு

கொள்ளிடப் பேராறு தன் நெடும்பயணத்தின் கடைசிக் காதத்தில், கடலின் உப்புக்காற்றை முகர்ந்து வேகம் தணிந்து அகன்று கிடக்கும் இடத்தில், சுமார் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு மருதங்குறிச்சி என்றொரு சிறு பாளையம் இருந்தது. மாசிப் பௌர்ணமியன்று, மேற்கே கதிரவன் செந்நிறம் முழுவதையும் வாரிக்கொண்டு மறைய, கிழக்கே நாணற்காட்டுக்கு மேலே எழுந்த முழுமதி ஆற்றுநீரில் வெள்ளியைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அன்பார்ந்த வாசகர்களே, கோட்டை நீர்வாயிலை அடுத்த மண்டபத்தில் வீற்றிருந்த உலகநாச்சியாரின் கண்கள் அந்த எழிலில் ஒரு துளியையும் பருகவில்லை. எதிரே அமர்ந்திருந்த வெள்ளைக்கார துரையின் முகத்தைவிட்டு அவை அகலவேயில்லை.

உலகநாச்சியாருக்கு வயது இருபத்துமூன்று. தந்தை காலமான பின் இரண்டு ஆண்டுகளாக அந்தப் பாளையத்தைத் தனியொருத்தியாக ஆண்டு வந்தாள். எவரையும் எளிதில் நம்பலாகாது என்ற பாடத்தை அந்த இரண்டு ஆண்டுகளும் அவளுக்கு நன்றாகவே கற்றுக் கொடுத்திருந்தன.

துரை தம் பெயர் கிரேவ்ஸ் என்றும், இங்கிலாந்திலிருந்து வரும் வக்கீல் என்றும் சொல்லிக்கொண்டார். அவர் பேசியதை, நாச்சியாரின் அருகே நின்ற துபாஷி ஞானாதிக்கம் தமிழில் சொன்னான். இருபத்தாறு வயது இளைஞன்; ஆறு ஆண்டுகளாக அந்த அரண்மனையில் மொழிபெயர்ப்பவன். அவன் குரலைக் கேட்கும்போதெல்லாம் நாச்சியாரின் மனத்தில் ஏதோவொரு மெல்லிய நரம்பு அதிர்வது உண்டு. ஆளும் பொறுப்புடையவள் அதை வெளிக்காட்ட முடியுமா?

"இங்கிலாந்திலே ஹாதர்லி என்னும் பழங்குடும்பம் ஒன்று இருக்கிறதாம், நாச்சியாரே" என்றான் துபாஷி. "அந்தக் குடும்பத்தின் தலைவருக்கு 'சர்' என்னும் பட்டம் பரம்பரையாக வருவது. தந்தைக்குப் பின் மகனுக்கு. மகன் இல்லையேல் தம்பிக்கு. தம்பியும் இல்லையேல், முறையான மணத்தில் பிறந்த அவர் மகனுக்கு. சென்ற ஆண்டு சர் ரோஜர் என்பவர் பிள்ளையின்றி மாண்டார். அவருடைய தம்பி கப்பித்தான் எட்மண்ட், தங்கள் தந்தையாரின் நண்பராக இதே கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கு முன் உயிர்நீத்தவர்."

துரை ஒரு காகிதத்தை விரித்து வாசித்தார். துபாஷி தொடர்ந்தான்: "அந்தக் கப்பித்தான் பவழத்துறைத் தேவாலயத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தார். அவள் பெயர்..."

அங்கே அவன் குரல் தடுக்கியது. ஒரு கணம்தான்.

"அன்னத்தாய். அவர்களுக்கு அவ்வூரிலேயே ஒரு மகன் பிறந்தான். பட்டமும் மாளிகையும் இப்போது அவனுக்கு உரியவை. அவனை அழைத்துச் செல்லவே துரை வந்திருக்கிறார். இன்றைய நீரோட்டத்திலேயே புறப்பட்டாக வேண்டுமாம். முகத்துவாரத்துக்கு அப்பால் கப்பல் காத்திருக்கிறது."

ஆறு ஆண்டுகளில் ஒருமுறையும் தடுமாறாத நாவு இன்று ஏன் தடுமாற வேண்டும்? இந்த துரைக்கும் துபாஷிக்கும் இடையே ஏற்கெனவே ஏதேனும் ஏற்பாடு இருக்கிறதோ? நாச்சியாரின் நெஞ்சில் குளிர்ந்த முள் ஒன்று தைத்தது. தந்தையார் மரணப் படுக்கையில் சொன்ன சொற்கள் வேறு நினைவுக்கு வந்தன. "கப்பித்தானின் பிள்ளையைத் தேடி யாரேனும் வந்தால், வந்தவரை முதலில் அளந்து பார், மகளே" என்றார் அவர். அந்தப் பிள்ளை யார், எங்கே இருக்கிறான் என்பதைச் சொல்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

"வாரிசு என் குதிரைப்படையில் இருக்கிறான். அழைத்து வருகிறேன்" என்று எழுந்தாள் நாச்சியார்.

துபாஷியின் முகம் வெளிறியதை அவள் கவனிக்காமல் இல்லை. ஆயினும் அவனிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே சென்றாள். மாயழகு என்னும் குதிரைவீரனின் காதில் ஏதோ சொன்னாள். காவலர் இருவரை அழைத்து வேறோர் உத்தரவும் பிறப்பித்தாள். பிறகு மாயழகை முன்னே விட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நான்தான் கப்பித்தானின் மகன்" என்றான் மாயழகு, மார்பை நிமிர்த்தி. "பிறந்தது நாகப்பட்டினம். என்னைப் பெற்றவள் பெயர் பாக்கியம்."

துபாஷி அதை ஆங்கிலத்தில் சொன்னபோது நாச்சியார் காதைத் தீட்டிக்கொண்டாள். அவளுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் பெயர்கள் எந்த மொழியிலும் பெயர்கள்தானே? நாகப்பட்டினம் என்பதும் வந்தது. பாக்கியம் என்பதும் வந்தது. துபாஷி எதையும் மாற்றவில்லை.

துரையோ பாய்ந்தெழுந்து மாயழகின் இரு கைகளையும் பற்றிக் குலுக்கினார். முகமெல்லாம் மலர்ச்சி. தாழ வணங்கி, படகிருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"'பெருமைக்குரிய சர் அவர்களே, உடனே புறப்படுவோம்' என்கிறார்" என்றான் துபாஷி.

"புறப்படலாம்" என்றாள் நாச்சியார், சற்றும் அசையாமல். "அதற்குமுன் துரையை ஒன்று கேளும், துபாஷியாரே. இவர் கையிலுள்ள காகிதத்தில் தாயின் பெயர் வேறு; ஊரும் வேறு. வக்கீல் என்றால் துருவித் துருவிக் கேட்டிருக்க வேண்டும். சாட்சி எங்கே, சான்று எங்கே என்று என்னைத் திணறடித்திருக்க வேண்டும். இவர் ஒன்றையுமே கேட்கவில்லை. வருபவன் யாராயிருந்தாலும் படகில் ஏறினால் போதும் என்று இருக்கிறாரே, ஏன்?"

துபாஷி அதைச் சொல்லி முடிப்பதற்குள் நீர்வாயிலிலிருந்து காவலர் இருவர் மூச்சிரைக்க ஏறி வந்தனர். அவர்கள் கையில் தடித்த கயிறு. கயிற்றின் நுனியில் இறுகக் கட்டிய பீரங்கிக் குண்டு.

"துரையின் படகில் சாக்குக்கு அடியில் இருந்தது, தாயே. முகத்துவாரத்து ஆழத்தில் படகை நிறுத்தும்படி உத்தரவாம். துடுப்புக்காரன் ஒருவன் சொன்னான்."

மாயழகு, துரை பற்றிக் குலுக்கிய தன் இரு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். துரை ஏதோ அவசரமாகப் பேசினார். துபாஷி அதை மொழிபெயர்க்கவில்லை.

"ஏன் நிறுத்திவிட்டீர்? அவர் என்ன சொல்கிறார்?" என்று அதட்டினாள் நாச்சியார்.

"பொய் சொல்கிறார். அதைத் தமிழில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை" என்றான் ஞானாதிக்கம். பின்னர் துரையின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் அவன் பேசியதை நம் மொழியிலேயே தருகிறோம்:

"நதானியேல், தலையிலுள்ள பொய்ம்முடியைக் கழற்று. சிறுவயதில் உன் இடக் காதில் பாதியை வேட்டைநாய் கடித்துக்கொண்டு போன கதையை என் தந்தை எனக்குச் சொல்லியிருக்கிறார்."

அந்தப் புழுக்கத்திலும் அதுவரை கழற்றாத பொய்ம்முடியை நோக்கித் துரையின் கை தானாகவே உயர்ந்தது. ஒரு கணம் அவர் துபாஷியின் முகத்தை, அந்த நெற்றியை, அந்தப் பழுப்புநிறக் கண்களைப் பார்த்தார். யாரைக் கொல்லக் கடல் கடந்து வந்தாரோ, அவனே தம் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. கப்பித்தானின் தம்பி மகன் அவர். இந்த வாரிசு மறைந்தால் பட்டம் அவருக்கு.

அடுத்த நொடி அவர் காவலரை இடித்துத் தள்ளி, காவலற்றுக் கிடந்த படகில் குதித்தார். துடுப்புகள் நீரைக் கிழித்தன. மாயழகு துப்பாக்கியை உயர்த்தினான். ஞானாதிக்கம் அதன் குழலைத் தட்டிவிட்டான். குண்டு நாணற்காட்டில் பாய, கொக்குகள் கலைந்து பறந்தன. படகு நிலவொளியில் ஒரு கருந்துளியாகி முகத்துவாரத்தில் மறைந்தது.

"அவனைத் தப்பவிட்டது ஏன்?" நாச்சியாரின் குரலில் கோபத்தைவிட வேதனையே மிகுந்திருந்தது. "ஆறு ஆண்டுகள் என் அருகே நின்றீர். நீர் யார் என்று ஒரு நாளேனும் சொன்னீரா? உம்மை நான் எப்படி நம்புவேன்?"

"பட்டம் பெற்றவர்கள் திடீரென்று சாகும் குடும்பம் அது, நாச்சியாரே. என்னை யாருக்கும் காட்டிக் கொடுப்பதில்லை என்று தங்கள் தந்தையார் என் தந்தைக்கு வாக்களித்தார். வெளியிடுவதில்லை என்று நானும் தங்கள் தந்தையாருக்கு வாக்களித்தேன். தங்களுக்குத் தெரிந்தால் ஆபத்து தங்களையும் தேடிவரும் என்றார். அவனைச் சுட்டிருந்தால், உறவினனைக் கொன்று பட்டம் கொண்டவன் என்ற பழி எனக்கு வரும். அந்தப் பழியோடு நான் எந்த நீதிமன்றத்தில் நிற்பேன்?"

"அப்படியானால் போகப் போகிறீர். மாளிகையும் பட்டமும் அழைக்கின்றன."

"மாளிகை எனக்கு எதற்கு?" என்றான் அவன். "அவன் அங்கே போய், கப்பித்தானுக்கு முறையான வாரிசே இல்லை என்று சாதிப்பான். அதற்கு என்ன பொருள்? என் தாய் மனைவியாக வாழவில்லை என்று பொருள். சற்றுமுன் அவள் பெயரை அவன் வாயால் கேட்டபோதுதான் என் நாவு தடுமாறியது. திருமணச் சான்று என்னிடம் இருக்கிறது. பவழத்துறையிலிருந்து நாளை ஒரு கப்பல் புறப்படுகிறது; இப்போதே குதிரையேறினால் பிடித்துவிடலாம்."

நாச்சியார் இடைவாளை உருவி அவன் முன் நீட்டினாள்.

"சத்தியம் செய்யும். திரும்பி வருவேன் என்று."

"எந்தப் பெயரால் செய்யட்டும்? இன்று எனக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன."

"உம் தாய் இட்ட பெயரால்."

அவன் வாளின் மீது வலக்கரத்தை வைத்தான். இதுநாள்வரை பிறர் சொற்களையே சுமந்து வந்த குரல் முதன்முதலாகத் தன் சொற்களைச் சொன்னது:

"அன்னத்தாயின் மகன் ஞானாதிக்கம் ஆகிய நான், ஹாதர்லி வம்சத்தின் ஏட்டில் என் தாயைக் கப்பித்தானின் தர்மபத்தினி என்று எழுத வைப்பேன். எழுதிய மை உலர்ந்ததும் கப்பலேறுவேன். மூன்றாவது மாசிப் பௌர்ணமிக்குள் மருதங்குறிச்சி நாச்சியாரின் முன்னே வந்து, இன்று கேட்கத் துணியாததைக் கேட்பேன். இது சத்தியம்."

"ஒரு நாள் தாமதமானாலும்," என்றாள் உலகநாச்சியார், கண்களில் நீர் தளும்ப, குரலை மட்டும் தளரவிடாமல், "நானே கப்பலேறி வந்து, அந்த மாளிகையின் நடுக்கூடத்தில் நின்று, உம் உறவினர் அத்தனை பேர் முன்னிலையிலும் அதற்குப் பதில் சொல்வேன்."