மழை: பூஜ்யம்

திருவட்டாற்றில் இறங்கி, ஜீப் பிடித்து, ரப்பர் தோட்டங்களைத் தாண்டி பகவதியப்பன் மலையேறி வந்தபோது மணி மூன்று. மழைநிலையம் என்பது இரண்டு அறை ஓட்டுக் கட்டடம்தான். முன்னால் கம்பிவேலி போட்ட புல்தரை. அதில் மழைமானியும் வேறு சில கருவிகளும். மேசைமேல் கறுப்புத் தொலைபேசி ஒன்று. செல்போனுக்கு அங்கே டவர் கிடையாது.

வாசலில் நேசமணி நின்றான். கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சு. மாற்றலாகிப் போகிறவன், பொறுப்பை ஒப்படைக்க இரண்டு நாள் தங்கியிருந்தான்.

"எவ்வளவோ இடம் உண்டு. நீ எதுக்குலே இதைக் கேட்டு வாங்கின?" என்றான்.

காரணம் இருவருக்கும் தெரியும். போன ஐப்பசியில் பகவதியப்பன் தன் மனைவி லட்சுமிப்ரியாவை மலைக்குக் கீழே உள்ள ஆற்றுக் கடவில் குளிக்கக் கூட்டிப்போனான். கல்யாணமாகி எட்டு மாதம். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். இறங்குவதற்கு முன் அவன், அப்போதும் இந்த நிலையத்தில் வேலையிலிருந்த நேசமணியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டான். மேலே ஒரு சொட்டு மழை இல்லை என்றான் நேசமணி. அதையே அவன் அவளிடம் சொன்னான். அவள் இறங்கினாள். அரைமணி நேரத்தில் செம்மண் நிறத்தில் வெள்ளம் வந்தது. அவள் உடல் கிடைக்க மூன்று நாளாயிற்று.

அத்தனை தண்ணீர் எங்கிருந்து வந்தது? அது தெரியாமல் அவனுக்கு உறக்கம் இல்லை.

மறுநாள் காலை எட்டரை. நாடு முழுக்க மழை அளக்கும் நேரம். அளந்து, பேரேட்டில் எழுதி, கீழே கடவுக் காவலாளிக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அறுபது மில்லிமீட்டர் தாண்டினால் கடவை அடைத்துவிடுவார்கள்.

வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. புல்லில் பனிகூட இல்லை. நேசமணி வேலிக்கு இந்தப்பக்கமே நின்றுகொண்டான். பகவதியப்பன் மழைமானியின் புனலைத் தூக்கினான்.

உள்ளே தண்ணீர்.

கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஊற்றி அளந்தான். நூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர். தண்ணீரில் ஆற்றுச் சேற்றின் வாடை. அதற்கு அடியில் அழுகிய பிச்சிப்பூவின் வாடை.

"பூஜ்யம்னு எழுது," என்றான் நேசமணி. அவன் பார்வை வேறெங்கோ இருந்தது. "வெயிலடிக்கும்போது நூத்திப்பதினாலு எழுதினா நம்மளைப் பைத்தியம்பான். ஒரு வருசமா நான் அப்படித்தான் எழுதுகேன்."

பகவதியப்பன் பூஜ்யம் என்று எழுதினான். கடவுக்கும் அதையே சொன்னான்.

பிறகு, தானே மழையைப் பதியும் கருவியைத் திறந்தான். அதன் உருளையில் ஒரு தாள் சுற்றியிருக்கும். பேனா அதில் கோடு போடும்; மழை இல்லாவிட்டால் கோடு சமமாக ஓடும், பெய்தால் ஏறி ஏறி இறங்கும். உருளை ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நாள். தினமும் எட்டரைக்குத் தாளை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் இரண்டாம் நாள் கோடு முதல் நாள் கோட்டின்மேலேயே விழும். புதுத் தாளில் தேதி எழுதிச் சுற்றிவிட்டு மூடினான்.

அடுத்த நாளும் வெயில். அடுத்த நாளும் நூற்றுப் பதினான்கு.

கருவியைத் திறந்தான். அவன் வைத்த தாள் அங்கே இல்லை.

பழுப்பேறிய, ஈரமான வேறொரு தாள் சுற்றியிருந்தது. ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது. அதில் போன வருடத் தேதி. அவள் போனதற்கு முந்தின நாள். நேசமணியின் கையெழுத்து.

கோடு சமமாக ஓடி, விடிகாலை ஆறு மணியிலிருந்து ரம்பப் பல்லாக எழுந்து எழுந்து விழுந்தது. எட்டரையில் நிற்கவில்லை. தாளின் தொடக்கத்துக்கே திரும்பி, பழைய கோட்டின்மேல் இன்னும் பத்து மணிவரை பல்பல்லாக ஏறியது.

அன்று காலை தாளை யாரும் மாற்றவில்லை.

பகவதியப்பன் தாளோடு, வேலிக்கு வெளியே நின்ற நேசமணியிடம் வந்தான். "அன்னைக்கு நான் விளிச்சது உன் செல்லுல. செல்லு இங்க எடுக்காது. எங்கலே இருந்த?"

நேசமணி தாளையே பார்த்தான். உதடு வெளுத்துவிட்டது.

"மார்த்தாண்டத்துல. கொழுந்தியா கல்யாணம்." குரல் இறங்கியது. "ஒரு நாள்தானேன்னு பூஜ்யத்தை முந்தின நாளே எழுதி வச்சிட்டுப் போனேன். இந்தத் தாளை நான் எரிச்சேன் மக்கா. சத்தியமா என் கையாலதான் எரிச்சேன்."

பையைக்கூட எடுக்காமல் அவன் மலையிறங்கி நடந்தான். பகவதியப்பன் தடுக்கவில்லை. அவனை அடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. உள்ளே போய்ப் பேரேட்டில் நூற்றுப் பதினான்கு என்று எழுதினான். முன்தினம் தானே எழுதிய பூஜ்யம் அதற்கு மேல்வரியில் இருந்தது. கடவுக்குத் தொலைபேசினான். போனை எடுத்தவர் காவலாளி மைதீன் பிச்சை.

"மேல நூத்திப்பதினாலு. கடவை அடைச்சிருங்க."

"அடைச்சாச்சே சார். எட்டு மணிக்கே உங்க ஆபீசுல இருந்து ஒரு பெண்ணு விளிச்சுச் சொல்லிச்சு."

பகவதியப்பன் சுற்றிப் பார்த்தான். இரண்டு அறை. இரண்டும் காலி.

"இங்க பெண்ணு யாரும் இல்லை."

"தப்பா எடுக்காதீங்க சார். அது உங்களைப் பத்தியும் சொல்லிச்சு. புதுசா வந்திருக்க ஆளு விளிப்பாரு, அவரு பேச்சை நம்பாண்டாம்னு. நம்பித்தான் நான் இறங்கினேன்னு சொல்லிச்சு. என்னன்னு எனக்கு மனசிலாகல்லை."

அவர் வைத்துவிட்டார்.

இணைப்பு அறுபடவில்லை.

மறுமுனையில் யாரோ நீளமாக மூச்சை உள்ளிழுத்தார்கள், தண்ணீரில் முங்கப்போகிறவர்கள் இழுப்பதுபோல. அதை வெளியே விடும் சத்தத்துக்காக அவன் காத்திருந்தான்.

வரவில்லை.